கணிப்பொறியின் வெம்மை

சென்ற கோடை விடுமுறையில் என் தம்பி மகன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பில் பயில்பவன்; எதனையும் துருவித் துருவிக் கேட்கும் இயல்பினன். காலையில் என் மேசைமேல் இருந்த மடிக்கணினியில் கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் எழுதியும் அஃது ஓசையின்றிக் குளிர்ந்தே இருந்தது. பிற்பகலில், தன் பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த காட்சிகளை ஒன்றாகத் தொகுத்து ஒரே காணொளியாக்க முனைந்தான். சில நொடிகளுக்குள் உள்ளிருந்த விசிறி சீறத் தொடங்கிற்று. வெப்பநிலையைக் காட்டும் கட்டத்தில் 46 என்றிருந்த எண், 70 என்றும் 85 என்றும் தாவி, 97 டிகிரி செல்சியசில் போய் நின்றது. சிறுவன் அஞ்சிவிட்டான். “பெரியப்பா, காலையில் இருந்த அதே கணிப்பொறிதானே இது? இப்போது மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது? எரிந்துவிடுமோ?” என்று கேட்டவாறே அதனை அணைக்கப் போனான்.

நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்று மாலை அவனுக்குக் கூறியவற்றையே இங்கே சற்று விரித்துச் சொல்லுகின்றேன்.

கணிப்பொறியின் உள்ளே எல்லாக் கணக்குகளையும் செய்வது செயலி எனப்படும் சிலிக்கன் சில்லு ஆகும். அது நம் விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. அதனுள் மின்சாரம் செல்கின்றது. அம்மின்சாரத்தைக் கொண்டு அஃது என்ன செய்கின்றது? மின்பொறி நீரை மேலேற்றுகின்றது. விளக்கு ஒளி தருகின்றது. செயலியோ எப்பொருளையும் தூக்குவதில்லை, எச்சக்கரத்தையும் சுழற்றுவதில்லை. அது தரும் விளைவு விடைகளே. விடைக்கு எடையும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஆற்றல் அழிவதில்லை என்று நீங்கள் பயின்றிருக்கின்றீர்கள். ஆதலின் செயலிக்குள் புகும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருதல் வேண்டும். 60 வாட் மின்சாரத்தை உண்ணும் செயலி, வெப்பத்தைப் பொறுத்தமட்டில், 60 வாட் அடுப்பேயாகும். இதிலிருந்து முற்றிலும் தப்பவும் இயலாது. கணிப்பொறி தன் நினைவிலிருந்து ஒரே ஒரு செய்தித் துணுக்கை அழித்தாலும், அதற்கெனக் குறைந்த அளவு வெப்பமேனும் வெளிப்பட்டே தீரும் என்று ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் ரால்ஃப் லாண்டவர் 1961ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். இன்றைய செயலிகள் வெளியிடுவது அந்தக் குறைந்த அளவினும் பன்மடங்கு மிகுதி.

ஆகவே, ‘செயலி ஏன் சூடாகின்றது?’ என்னும் வினாவினும், ‘சில வேலைகளின்போது மட்டும் அது ஏன் மிகுதியான மின்சாரத்தை உண்கின்றது?’ என்பதே சரியான வினாவாகும்.

முற்காலத்துக் கணிப்பொறிகளைப் பற்றி இவ்வினா அவ்வளவாக எழவில்லை. 1946ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் பெருங்கணிப்பொறி உலகிற்குக் காட்டப்பெற்றது. அதனுள் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அஃது உண்ட மின்சாரம் 150 கிலோவாட். அக்குழாய்கள் பணி புரியவேண்டுமாயின் அவற்றின் உள்ளிருக்கும் இழைகள் எப்பொழுதும் காய்ந்துகொண்டே இருத்தல் வேண்டும். கணக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது என்க. வேலைக்கேற்ப வெம்மை ஏறியிறங்கும் இயல்பு, அக்குழாய்கள் போய் டிரான்சிஸ்டர்கள் வந்து, அவையும் நுண்ணிய சில்லுகளாகச் சுருங்கிய பிறகே தெளிவாகத் தெரியலாயிற்று.

டிரான்சிஸ்டர் 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று நம் கையில் இருக்கும் செயலிகளிலோ பல நூறு கோடி உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஒரு சிறு சுவிட்சு, மூடும், திறக்கும். அவற்றின் அமைப்பில் ஒரு சிறப்பு உண்டு. சுவிட்சு மூடிய நிலையிலேயே இருந்தாலும், திறந்த நிலையிலேயே இருந்தாலும் மின்சாரம் மிகச் சிறிதே செலவாகின்றது. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறும்பொழுதுதான் பெரும் செலவு.

இதனை விளங்கிக்கொள்ள, ஒவ்வொரு சுவிட்சின் முனையிலும் ஒரு சிறு தொட்டி இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்திருந்தால் அதற்கு ‘ஒன்று’ என்று பெயர். காலியாயிருந்தால் ‘சுழி’ என்று பெயர். ஒன்று சுழியாகவேண்டுமாயின் நீரைத் திறந்துவிட வேண்டும்; சுழி ஒன்றாகவேண்டுமாயின் மேலேயிருந்து நீரை விட்டு நிரப்ப வேண்டும். விழுகின்ற நீரின் ஆற்றல் வீணே வெப்பமாகின்றது. நிறைந்த தொட்டி நிறைந்தவாறே இருப்பின் செலவு இல்லை. மின்சாரத்தில் இத்தொட்டியை மின்தேக்கி என்பர். ஒரு தொட்டியை ஒருமுறை நிரப்பி வடிப்பதால் எழும் வெப்பம் எண்ணிப் பார்க்கவும் இயலாத அளவு சிறியது. ஆயினும் தொட்டிகளோ பல கோடி. செயலியின் உள்ளே ஒழுங்காக அடிக்கும் கடிகாரத் துடிப்போ நொடிக்கு முந்நூறு கோடி, நானூறு கோடி. சிறு துளி பெருவெள்ளமாதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் ஒவ்வொரு துடிப்பின்போதும் எல்லாத் தொட்டிகளும் நிறைந்து வடிவதில்லை. எத்தனை தொட்டிகள் நிறைந்து வடிகின்றன என்பது நாம் இடும் வேலையைப் பொறுத்தது. சிறுவன் காலையில் கட்டுரை எழுதியதை எடுத்துக்கொள்வோம். விரைந்து எழுதுபவரும் ஓர் எழுத்தைத் தட்டியபின் அடுத்த எழுத்தைத் தட்ட, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமேனும் எடுத்துக்கொள்வார். நமக்கு அது கண்ணிமைப்பொழுது. நொடிக்கு முந்நூறு கோடித் துடிப்புள்ள செயலிக்கோ அவ்விடைவெளியில் அறுபது கோடித் துடிப்புகள் கழிகின்றன. ஓர் எழுத்தைத் திரையில் இடும் வேலை அதில் மிகச் சிறு பகுதியிலேயே முடிந்துவிடும். எஞ்சிய நேரமெல்லாம் செயலி உறங்குகின்றது. வேலையற்ற பகுதிகளுக்குக் கடிகாரத் துடிப்பு செல்லாதவாறு தடுக்கப்படுகின்றது; சில பகுதிகளுக்கு மின்சாரமே நிறுத்தப்படுகின்றது. அடுத்த எழுத்தைத் தட்டியதும் அது விழித்துக்கொள்கின்றது. நாம் அதன் உறக்கத்தையும் அறிவதில்லை, விழிப்பையும் அறிவதில்லை.

இவ்வாறு உறங்கும் வழக்கம் தொடக்கத்திலேயே பரவியிருக்கவில்லை. 1980ஆம் ஆண்டுகளில் மேசைக் கணிப்பொறிகளில் பரவியிருந்த டாஸ் என்னும் இயக்க முறைமையில், விசைப்பலகையில் ஏதேனும் தட்டப்படுமா என்று காத்திருக்கும் நேரத்திலும் செயலி, ‘வந்ததா? வந்ததா?’ என்று ஓயாது கேட்டுக்கொண்டே ஒரே வட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்நாளைய செயலிகள் உண்ட மின்சாரம் குறைவாதலால் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. மின்சாரப் பசி வளர்ந்த பின்னரே சோம்பியிருத்தலின் அருமை தெரிந்தது. என் கருத்தில், வேகமாகக் கணக்கிடக் கற்றதற்கு நிகரான அரிய செயல், செயலி உறங்கக் கற்றதேயாகும். அஃது இல்லையேல் கணிப்பொறியை மடிமீது வைத்தல் ஏது? சட்டைப் பையில் இடுதல் ஏது?

இனி, உறங்காது உழைக்கும் வேலைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. இதனைப் பலர் அறியார். இரு வேலைகள், இரண்டின்போதும், ‘செயலி நூற்றுக்கு நூறு பங்கு உழைக்கின்றது’ என்றே அளவுகாட்டி கூறும். ஆனால் ஒன்றில் வெப்பநிலை 65 டிகிரி, மற்றொன்றில் 90. அளவுகாட்டி பொய் சொல்கின்றதா? இல்லை. செயலி உறங்கவில்லை என்பதை மட்டுமே அது சொல்லுகின்றது. உள்ளே எத்தனை தொட்டிகள் நிறைந்து வடிகின்றன என்பதைச் சொல்வதில்லை.

பெரியதொரு பெயர்ப்பட்டியலில் இங்குமங்கும் தாவித் தாவித் தேடும் வேலையைக் கருதுக. தேவையான செய்தி செயலியின் அருகில் இராது. தொலைவிலுள்ள முதன்மை நினைவகத்திலிருந்து வருதல் வேண்டும். அதற்குச் சற்றேறக்குறைய நூறு நானோ நொடி, அஃதாவது நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்குள் செயலியில் முந்நூறு, நானூறு துடிப்புகள் வீணே கழிந்துவிடும். திருமண வீட்டுச் சமையற்காரர் அடுப்பருகில் நின்றுகொண்டு, சந்தைக்குச் சென்ற ஆள் காய்கறியுடன் எப்பொழுது திரும்புவான் என்று வழிமேல் விழி வைத்திருப்பதை ஒப்பது இது. அவர் பணியில்தான் இருக்கின்றார். ஆனால் கை அசையவில்லை. செயலியும் அவ்வாறே, ஓய்வின்றியும் வேலையின்றியும் நிற்கின்றது. வெப்பமும் குறைவாகவே எழுகின்றது.

காணொளி தொகுக்கும் வேலையோ இதற்கு முற்றிலும் மாறானது. காணொளியின் ஒவ்வொரு படமும் பல இலட்சம் புள்ளிகளால் ஆயது; நொடிக்கு 25 அல்லது 30 படங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பெருக்கலும் கூட்டலும் மீண்டும் மீண்டும் நிகழ்தல் வேண்டும். வேண்டிய எண்கள் வரிசையாக அடுத்தடுத்து இருப்பதால், கைக்கு எட்டும் தொலைவிலேயே அவை முன்கூட்டிக் கொண்டுவந்து வைக்கப்படுகின்றன. எட்டு எண்களை ஒரே கட்டளையால் ஒரே வேளையில் பெருக்கும் அகன்ற உறுப்புகள் இன்றைய செயலிகளில் உண்டு. அவை இவ்வேலையில் முழுமூச்சாக இயங்கும். பெருக்கல் உறுப்பில் உள்ள சுவிட்சுகளின் எண்ணிக்கை மிகப் பெரிது. ஒரு பெருக்கலுக்குள் அவற்றுள் பல, பலமுறை மாறுகின்றன. செயலியில் ‘கோர்’ எனப்படும் கணக்கிடும் பகுதிகள் நான்கோ எட்டோ இருப்பின், அத்தனையும் இவ்வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அடுப்புகள் எல்லாம் எரிய, காய்கறியும் அரிசியும் குறைவின்றி வந்துகொண்டேயிருக்கும் சமையற்கூடம் இது. இத்தகைய அகன்ற கட்டளைகள் வருங்கால் துடிப்பைத் தாமே சற்றுக் குறைத்துக்கொள்ளுமாறு சில செயலிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்றால், எழும் வெப்பத்தின் கடுமை விளங்கும். பெருக்கப்படும் எண்கள் கூட இதில் பங்கு கொள்கின்றன! சுழியைச் சுழியாலேயே பெருக்கிக்கொண்டிருந்தால் எந்தத் தொட்டியும் மாற வேண்டியதில்லை. ஆதலின் அதே பெருக்கல், வெவ்வேறு எண்களைப் பெருக்குவதினும் குறைந்த வெப்பத்தையே தரும்.

தொட்டிகளின் எண்ணிக்கையோடு நீர் விழும் உயரமும் கணக்கில் சேரும். இங்கே உயரம் என்பது மின்னழுத்தம். மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் தொட்டியில் நிறையும் நீரும் இரு மடங்காகின்றது. அது விழும் உயரமும் இரு மடங்காகின்றது. ஆகவே செலவு இரு மடங்கன்று, நான்கு மடங்கு. துடிப்பை விரைவுபடுத்த விரும்பினால் சுவிட்சுகள் விரைந்து மாறுதல் வேண்டும். அதற்கு மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கின்றது. துடிப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, மின்னழுத்தத்தையும் அதே அளவு கூட்டினோம் என்று வைத்துக்கொள்வோம். 1.2ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள்: 1.728. அஃதாவது வேகத்தில் நூற்றுக்கு 20 பெறுவதற்காக வெப்பத்தில் நூற்றுக்கு 73 கொடுக்கின்றோம். நல்ல வாணிகம் என்று எவரும் கூறார். ஆயினும் அவசர வேலை வந்தால் செயலிகள் சிறிது நேரம் இவ்வாறு செய்யவே செய்கின்றன. ஒரே ஒரு கோர் மட்டும் உழைத்து ஏனையவை உறங்கும் வேளையில், அந்த ஒன்றுக்கு மிக்க மின்னழுத்தம் தந்து விரைவாக ஓட்டுவதுண்டு. அப்பொழுது மொத்த வெப்பம் குறைவாயினும், அது சில்லின் ஒரு மூலையில் குவிந்து எழுவதால், அங்குள்ள வெப்பமானி உயர்ந்த எண்ணையே காட்டும்.

வெப்பம் பிறக்கும் கதை இவ்வளவே. ஆனால் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. பிறந்த வெப்பம் எளிதில் வெளியேறிவிட்டால் வெப்பநிலை உயராது. மேசைக் கணிப்பொறியில் செயலியின்மேல் செம்பு, அலுமினியத் தகடுகளைப் பொருத்தி விசிறியால் காற்றை வீசச் செய்வர். ஒவ்வொரு வாட் வெப்பத்திற்கும் செயலி, அறையின் காற்றைவிட அரை டிகிரி சூடாக நிற்பதாகக் கொள்வோம். 20 வாட் வேலையில் அஃது அறையைவிட 10 டிகிரி கூடுதலாக இருக்கும். 100 வாட் வேலையில் 50 டிகிரி கூடுதலாக இருக்கும். அறையின் வெப்பநிலை 25 டிகிரியாயின் செயலி 75இல் நிற்கும். அக்கினி நட்சத்திர நாளில் அறையே 38 டிகிரியாயின், அதே வேலைக்குச் செயலி 88ஐ எட்டிவிடும். செயலி செய்த குற்றம் ஒன்றுமில்லை.

சில்லு மிகச் சிறியதாதலின் தாளிக்கும் கரண்டியைப் போல நொடிப்பொழுதில் காய்கின்றது. அதன்மேல் உள்ள தகடுகளோ நீர் நிறைந்த அண்டாவைப் போல மெல்லக் காய்கின்றன. ஒரு புதிய பக்கத்தைத் திறந்தவுடன் எண் 20 டிகிரி தாவி, மறுநொடியே இறங்கிவிடுவது கரண்டியின் செயல். அரை மணி நேர வேலையில் மெல்ல மெல்ல ஏறுவது அண்டாவின் செயல். பெரும்பாலான கைப்பேசிகளில் விசிறியே இல்லை, அண்டாவும் சிறிது. அதனால்தான் விளையாட்டுகள் முதற் சில நிமிடங்கள் விரைந்து ஓடிப் பின்னர்த் தளர்கின்றன.

இவ்வெப்பம் ஒரு கணிப்பொறியின் தொல்லையாக மட்டும் நின்றுவிடவில்லை. கணிப்பொறித் தொழிலின் போக்கையே ஒருமுறை திருப்பிவிட்டது. டிரான்சிஸ்டரின் அளவைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்தால், ஒரே பரப்பில் எவ்வளவு மிகுதியான டிரான்சிஸ்டர்களை நெருக்கினாலும் வெப்பம் கூடாது என்று ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவர்தம் குழுவினரும் 1974ஆம் ஆண்டில் எழுதினர். முப்பது ஆண்டுகள் தொழிலுலகம் அவ்வழியே நடந்தது. பின்னர் மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாமற் போயிற்று. மிகக் குறைத்தால் சுவிட்சு சரிவர மூடுவதில்லை. மூடிய சுவிட்சின் வழியேயும் மின்சாரம் கசிகின்றது. சூடு ஏற ஏற அக்கசிவும் ஏறுகின்றது. கசிவு ஏறினால் சூடும் ஏறுகின்றது. 2001ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் பாட் கெல்சிங்கர் பொறியாளர் மாநாடு ஒன்றில் எச்சரிக்கை விடுத்தார். இதே போக்கு நீடித்தால் சில்லுகளின் பரப்பில் எழும் வெப்பச் செறிவு, பத்தாண்டுகளுக்குள் அணு உலையையும் ஏவூர்தியின் வாயையும் எட்டிவிடும் என்றார். 2004ஆம் ஆண்டில் அந்நிறுவனமே, நொடிக்கு நானூறு கோடித் துடிப்புள்ளதாக வெளியிடவிருந்த பென்டியம் 4 செயலியைக் கைவிட்டது. அதன்பின் ஒரே கோரை மேன்மேலும் விரைவாக ஓட்டுவதை விடுத்து, ஒரே சில்லில் இரண்டு, நான்கு, எட்டு எனக் கோர்களைப் பெருக்கும் வழி பிறந்தது. இன்று நிரல் எழுதுவோர் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கப் படாதபாடு படுவதற்கு வேர் அங்கேதான் இருக்கின்றது.

இனி, சிறுவனின் அச்சத்திற்கு வருவோம். செயலி தன் வெப்பத்தைத் தானே அளந்துகொண்டிருக்கின்றது. பல செயலிகளுக்கு 95 முதல் 100 டிகிரி வரை எல்லை வகுத்துள்ளனர். அவ்வெல்லை நெருங்கியதும் செயலி தன் துடிப்பையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்கின்றது. பத்தில் ஒரு பங்கு வேகத்தை இழந்தாலே வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தணியக் கூடும். அதற்கும் அடங்காவிடில் தானே அணைந்துவிடும். அன்று 97இல் எண் அசையாது நின்றதன் காரணம் இதுவே. எரியும் நிலையில் அஃது இல்லை. ஆனால் ஓட வேண்டிய வேகத்தில் ஓடவும் இல்லை. அன்று அக்காணொளி முடிய 41 நிமிடங்கள் ஆயின.

மறுநாள் காலை மேசையைப் பார்த்தோம். தடித்த துணி விரிப்பின்மேல் கணிப்பொறியை வைத்திருந்தேன். அதன் அடிப்பகுதியில் காற்று நுழையும் துளைகளை அவ்விரிப்பு அடைத்துக்கொண்டிருந்தது. வெளியேறும் வாயிலில் தூசி கம்பளம்போற் படிந்திருந்தது. பிழை என்னுடையதே. மின்னிணைப்பை நீக்கிவிட்டு மெல்லிய தூரிகையால் தூசியை அகற்றினோம். விரிப்பை மடித்து வைத்துவிட்டு வெறும் மேசையில் கணிப்பொறியை வைத்தோம். சிறுவன் அதே காட்சிகளை மீண்டும் தொகுக்கச் செய்து, கையில் தாளும் எழுதுகோலுமாக அருகில் அமர்ந்துகொண்டான். நிமிடத்திற்கு ஒருமுறை எண்ணைக் குறித்தான். 86க்கு மேல் அது செல்லவில்லை. வேலை 30 நிமிடத்தில் முடிந்தது.